கோதுமைக்குள் ஒளிந்திருக்கும் களை

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் டிசம்பர் மாதம் இறங்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அதில் எது கோதுமை, எது களை என்பதை அனுபவமுள்ள விவசாயியே குனிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் களைக்கு அங்கே 'குல்லி டண்டா' என்று பெயர்; ஹரியானாவில் 'மண்டூசி' என்பார்கள். தாவரவியல் பெயர் ஃபலாரிஸ் மைனர். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஓராண்டுப் புல். மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதைகள் வந்த 1960களுக்குப் பிறகுதான் அது பெரும் தொல்லையானது. பாசனமும் உரமும் கூடின; உயரமான பழைய ரகங்கள் தந்த நிழலும் போய்விட்டது.

இளம் பயிரில் இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். கோதுமையில் இலை தண்டோடு சேரும் இடத்தில் நகம் போன்ற இரண்டு சிறு மடல்கள் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும், அவற்றில் மெல்லிய மயிரும் இருக்கும். குல்லி டண்டாவில் அந்த மடல்களே கிடையாது. நீளமான வெள்ளைச் சவ்வு மட்டும் இருக்கும். அடுத்தது இன்னும் எளிது. செடியைப் பிடுங்கி அடித்தண்டைக் கிள்ளினால் இளஞ்சிவப்புச் சாறு தெரியும். கோதுமையில் அது வராது.

கதிர் வந்தபின் குழப்பமே இல்லை. நெருக்கமான, முட்டை வடிவக் கதிர். ஆனால் அப்போது கண்டுபிடித்து என்ன பயன்? கோதுமை அறுவடைக்கு முன்பே இதன் பொடி விதைகள் உதிர்ந்து அடுத்த ஆண்டுக்காக மண்ணில் சேர்ந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் ஹரியானாவில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கு இது மசியவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே மருந்தை அடித்ததன் விளைவு. களை மிஞ்சிப்போன வயல்களில் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. 1990களின் இறுதியில் புதிய மருந்துகள் வந்தன. பின்னர் அவற்றுக்கும் எதிர்ப்புத்திறன் உருவானது.

இப்போது உழாமல் விதைப்பது ஒரு வழி. மண்ணைப் புரட்டாததால் ஆழத்தில் கிடக்கும் விதைகள் மேலே வருவதில்லை. அக்டோபர் கடைசியிலேயே விதைத்துவிடுவது இன்னொன்று. குல்லி டண்டா முளைக்கக் குளிர் வேண்டும்; அது வருவதற்குள் கோதுமை வளர்ந்து நிழல் தந்துவிடும்.