பதின்மூன்று குண்டுகளின் கணக்கு

காருக்குள் கேட்கிற உறுமலைப் பிடிக்க வல்லை வெளியைவிட நல்ல இடம் வடமராட்சியில் இல்லை. நெல்லியடிச் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டால் ஒரு கட்டத்தில் வீடுகளும் மதில்களும் விலகிவிடும். அதற்கப்பால் வெட்டவெளி. மதிலில் பட்டுத் திரும்பும் ஓசை இல்லை. கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை நிறுத்தி, மணிக்கு 65 கிலோமீற்றரில் ஒரே சீராக ஓட்டினால் சில்லுகள் பேசுவது கேட்கும்.

65 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. சிறிய கார் ஒன்றின் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீற்றர் உருளும். 65 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 18 மீற்றர். ஆக, செக்கனுக்குப் பத்துச் சுற்று. இந்தப் பத்து போதும், ஒரு நட்டையும் கழற்றாமல் சில்லுக்குள் எட்டிப்பார்க்க.

செக்கனுக்குப் பத்து என்ற மெதுவான அதிர்வு காதில் விழாது. நம் காது கேட்கத் தொடங்குவதே 20 அதிர்வு அளவில்தான். சில்லின் ஒரு பக்கம் சில பத்துக் கிராம் பாரம் கூடிவிட்டால் அதை அறிவது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை. கை நடுங்குகிறது, காதுக்கு ஒன்றும் இல்லை என்றால் முதலில் வீல் பலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

ரயர் எழுப்பும் ஓசை வேறு வகை. அதன் மேற்பரப்பைத் தவாளிப்புகள், அதாவது பள்ளக் கோடுகள், சிறுசிறு றப்பர்க் கட்டிகளாகப் பிரிக்கின்றன. சுற்றிவர 60 கட்டிகள் என்று வைத்தால் செக்கனுக்கு 600 தட்டுகள் வீதியில் விழும். அத்தனை கட்டிகளும் ஒரே நீளமாக இருந்தால் கார் முழுப் பயணமும் ஒற்றைச் சுருதியில் ஊளையிடும். ரயர் வடிவமைத்தவர்கள் இதற்கு ஒரு கள்ளத்தனம் செய்திருக்கிறார்கள்: சற்றே வேறுபட்ட நீளங்களில் கட்டிகளை வார்த்து, அவற்றை ஒழுங்கு தெரியாதபடி கலைத்து அடுக்குகிறார்கள். ஓசையின் சக்தி குறைவதில்லை, பல சுருதிகளில் சிதறிப்போகிறது. காது அதை வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

தேய்மானம் சீர்கெட்டால் இந்தத் தந்திரம் குலைந்துவிடும். ஷொக் அப்சோபர் தளர்ந்த காரில் ரயர் துள்ளித் துள்ளி ஓடி இடையிடையே குழியும். அலைன்மென்ட் பிசகினால் ஒவ்வொரு கட்டியும் ஒரு விளிம்பில் மட்டும் தேயும். உள்ளங்கையால் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், மறு திசையில் விளிம்புகள் கையில் தட்டும். வெளியே கேட்பதோ, பேரிங் போய்விட்டது என்று சத்தியம் செய்யவைக்கும் உறுமல். இரண்டையும் பிரித்தறிய வீதியே உதவும். காபெட் வீதியிலிருந்து கல் பெயர்ந்த ஒழுங்கைக்குள் திருப்பினால் ரயரின் ஓசை மாறும், பேரிங்கின் ஓசை அநேகமாக மாறாது. முன் ரயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால் ஓசையும் பின்னுக்குப் போகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. புதிய பேரிங்குக்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யாதவர்கள்மேல் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை.

இனிப் பேரிங். பாடப்புத்தகத்தில் இது குண்டுப்போதிகை: ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இடையில் இரண்டு வரிசையாக உருக்குக் குண்டுகள், அவை ஒன்றோடொன்று உரசாதபடி ஒரு கூடு. 1883 இல் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபூர்ட் நகரில் ஃபிரெட்ரிக் ஃபிஷர் உருக்குக் குண்டுகளைச் சீராகத் தீட்டும் பொறியை அமைத்தார். இன்றைய நல்ல குண்டு ஒன்று முழு வட்டத்திலிருந்து விலகுவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு உருண்டையானது வளையத்தைத் தொடும் இடமோ ஓர் எள்ளைவிடச் சிறியது. காரின் கால் பங்குப் பாரத்தை இப்படிப்பட்ட சில எள்ளுகள் பங்கிட்டுச் சுமக்கின்றன. பாரம் ஏறும்போது அங்குள்ள அமுக்கம் வளிமண்டலத்தின் பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். அதனால்தான் உருக்கு பெரும்பாலும் மேற்பரப்பில் களைப்பதில்லை. சற்று உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் வெடிப்புத் தொடங்கி, மெல்ல மேலே வந்து, ஒரு நாள் சிறு செதிலாகப் பெயரும்.

அந்தச் செதில் விட்ட பள்ளம்தான் உறுமலின் பிறப்பிடம். முன்சில்லில் வழக்கமாக உள்வளையம் சில்லோடு சுழலும், வெளிவளையம் அசையாது. குண்டுகள் இரண்டுக்கும் நடுவே உருள்வதால் கூடு அரை வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே நகரும். சில்லு பத்துச் சுற்றும்போது கூடு ஏறக்குறைய நான்கு. வரிசைக்கு 13 குண்டுகள் என்றால் வெளிவளையப் பள்ளத்தின் மேல் செக்கனுக்கு 52 குண்டுகள் ஏறி இறங்கும். பள்ளம் உள்வளையத்தில் என்றால் அதற்கும் கூட்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆறு சுற்று, ஆகவே 78 தட்டுகள். எந்த வளையம் பழுது என்பதைக் கழற்றும் முன்பே மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை) சொல்லிவிடும். தொழிற்சாலைகளில் பெரிய மோட்டர்களின் பேரிங்குகளை அதிர்வுமானி ஒட்டிக் கண்காணிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்தப் பக்கம் என்பதில்தான் காது ஏமாறும். 52 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் காற்றில் ஆறரை மீற்றர், காரைவிட நீளம். இரு காதுகளுக்கு இடையிலுள்ள சிறு தூரத்தை வைத்து அதன் திசையை அறிவது கடினம். போதாததற்குக் காரின் உருக்கு உடல் அதை எங்கும் பரப்பிவிடும். முன்சில்லின் பழுது பின்சீற்றில் கேட்பது இதனால்.

இதற்கும் வல்லை வெளியில் வழி இருக்கிறது. முன்னும் பின்னும் வாகனம் இல்லாதபோது மெதுவாக இடப்பக்கம் ஒடித்தால் பாரம் வலச் சில்லுகளுக்குச் சாயும். அப்போது உறுமல் ஏறினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். வலம் ஒடிக்கும்போது ஏறினால் இடப்பக்கம். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தும் உறுமல் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினைச் சந்தேகிக்கத் தேவையில்லை. கராஜில் மிச்சம் முடியும். சில்லை ஜக்கில் தூக்கி, ஒரு கையால் சுழற்றி, மறு கையைக் கொயில் ஸ்பிறிங்கில் வைப்பார்கள். நல்ல பேரிங்கில் கைக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடுவது உள்ளங்கைக்கு ஏறும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சில்லு ஆடுகிறது என்றால் அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இவை கெடும் விதமும் விசித்திரம். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் இறக்கினால், ஓடிச் சூடான பேரிங் திடீரெனக் குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்தச் சுருக்கம் தண்ணீரைச் சீலைத் தாண்டி உள்ளே இழுக்கும். பிறகு கிறீஸின் வேலை முடிந்தது. பாரத்தின் கணக்கு இதைவிடக் கடுமை. குண்டுப் பேரிங் ஒன்றில் பாரம் இரு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது. வெங்காய மூட்டைகளை அளவுக்கு மேல் ஏற்றும் வான்கள் மூன்றாம் அடுக்கின் வட்டியைக் கட்டுகின்றன.

1948 இல் வந்த மொறிஸ் மைனரில் இந்தக் கவலை வேறு மாதிரி. யுத்தகாலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய அந்த வயதுக் கார்களில் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிறீஸ் அடைத்து மூடலாம். எஞ்சின் இரைச்சலில் சிறிய உறுமல் கேட்கவும் செய்யாது. இன்றைய ஹைபிரிட் காரில் எஞ்சின் நின்றதும் சில்லின் குரல் தனியாக வெளிவரும். உள்ளே இருப்பதோ மூடி முத்திரையிட்ட பேரிங், கழுவ வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஒரு சங்கதி. பல புதிய பேரிங்குகளின் சீலில் வட துருவமும் தென் துருவமுமாக மாறி மாறிக் காந்தம் பதித்திருக்கும். அதை எண்ணித்தான் ஏபிஎஸ் பிரேக் சில்லின் வேகத்தை அறிகிறது. பேரிங்கின் இரு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். திருப்பி அடித்துவிட்டால் உறுமல் போய்விடும், டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கும்.