லேப்டாப்பை ஆஃப் பண்ணாமலே ஓட்டலாமா? ஒரு திருப்பாச்சூர் கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி திருப்பாச்சூர்ல இருந்து. திருவள்ளூரைத் தாண்டி திருத்தணி ரோட்டுல போனா வருமே, வாசீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அங்க வாடகை ரூம்ல தங்கி, காக்களூர் சிட்கோவுல ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார்.

"அண்ணா, நைட் ஷிப்ட் போறப்ப பிளெண்டர்ல ரெண்டர் போட்டுட்டுப் போயிடுவேன். காலையில வந்து பாத்தா முடிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமையும் ஆஃப் பண்றதில்ல, சார்ஜரும் எப்பவும் மாட்டியே இருக்கும். இப்படி ஓட்டினா ஏதாவது ஆகுமா? ரூம்ல தூங்குற ரெண்டு பசங்களும் பயப்படறாங்க. அப்புறம், டச்பேட் ஒரு மாசமா சரியா கிளிக் ஆகல, மவுஸ் வச்சு சமாளிக்கிறேன்."

தம்பி, உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன். ஆனா எனக்குப் பக்குன்னு ஆனது அந்தக் கடைசி வரிதான். பல மாடல்கள்ல டச்பேடுக்கு அடியிலதான் பேட்டரி இருக்கு. பேட்டரி உப்பினா முதல்ல டச்பேடைத்தான் தூக்கும். கிளிக் ஆகாது, இல்லன்னா ஒரு ஓரம் மேடா இருக்கும். மூடி வச்சா நடுவுல இடைவெளி தெரியும், மேஜையில வச்சா ஆடும். வேற காரணமும் இருக்கலாம், அழுக்கு சேர்ந்தாக்கூட கிளிக் போகும். ஆனா அதைத் திறந்து பாத்து உறுதி பண்ற வரைக்கும் சார்ஜரைக் கழட்டிடுங்க, இன்னிக்கு ராத்திரி ரெண்டர் போடாதீங்க.

இப்ப கேள்விக்கு வருவோம். நிறுத்தாம ஓடுறதால பிராசஸர் கெட்டுப்போகாது. அது தன்னைத்தானே பாத்துக்கும். பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கும் மேல சூடேறினா மெஷினே ஆஃப் ஆயிடும். ஃபேன் தேயும், தூசி அடைக்கும். அதெல்லாம் சின்னச் செலவு. எஸ்எஸ்டி இருந்தா சுத்துற பாகமும் இல்ல. அதனால 'ஆன்ல இருக்கு' என்பது மட்டும் ஆபத்து கிடையாது.

பேட்டரி கதை வேற. 'ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டா ஓவர்சார்ஜ் ஆயிடும்'னு வீட்டுல சொல்வாங்க இல்லையா, அது பழைய பயம். 100 சதவீதம் வந்ததும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திடும், லேப்டாப் அடாப்டர் கரண்ட்லயே ஓடும். பிரச்சினை, அந்த 100-லயே மாசக்கணக்கா நிக்கிறது. முழுசா ஏறின லித்தியம் அயான் செல் ஒவ்வொண்ணும் சுமார் 4.2 வோல்ட்ல இருக்கும். அந்த அழுத்தத்துல உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் திரவம் மெதுவா சிதைஞ்சு வாயு விடும். சூடு அதை வேகப்படுத்தும். மே மாசத்துல இட்லி மாவைக் கரைச்சு வச்சா காலையில மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்குமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மாவு பொங்கினா துடைச்சுக்கலாம். இந்தத் திரவம் தீப்பிடிக்கக்கூடியது.

எவ்வளவு வேகம்னு கேட்டா, பேட்டரித் துறையில அடிக்கடி எடுத்துக்காட்டுற ஒரு கணக்கு இருக்கு. 25 டிகிரியில 40 சதவீத சார்ஜோட ஒரு வருஷம் வச்சா கொள்ளளவுல சுமார் 4 சதவீதம்தான் போகும். அதே 25 டிகிரியில 100 சதவீதத்துல வச்சா 20 போகும். 40 டிகிரியில 100 சதவீதம்னா 35. சூடும் முழு சார்ஜும் சேர்ந்தா என்ன ஆகுதுன்னு பாருங்க.

இப்ப இதைத் திருப்பாச்சூர்ல வச்சு யோசிங்க. பக்கத்துல இருக்கிற திருத்தணி, கோடையில தமிழ்நாட்டு வெயில் பட்டியல்ல வழக்கமா மேல இருக்கிற ஊர். அக்னி நட்சத்திரத்துல 40 தாண்டுறது அங்க செய்தியே இல்ல. மேல ஷீட் போட்ட ரூம்னா ராத்திரி 10 மணிக்கும் சூடு இறங்காது. அதுல லேப்டாப் மெத்தை மேல இருந்தா, காத்து இழுக்கிற ஓட்டையை மெத்தையே அடைச்சுடும். ரெண்டர் சூடு முழுக்க பேட்டரி பக்கம் திரும்பும். பேட்டரிக்கு 40 டிகிரின்னு சொன்னேனே, இங்க அதெல்லாம் சாதாரணம்.

உப்பின எல்லா பேட்டரியும் வெடிக்காது, பெரும்பாலானது வெடிக்கிறதில்ல. ஆனா உள்ள ஷார்ட் ஆச்சுன்னா ஒரு செல்லோட சூடு அடுத்த செல்லைப் பத்த வைக்கும், நிறுத்துறது கஷ்டம். 2006-ல டெல் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்ப வாங்கிச்சு. சோனி தயாரிச்ச செல்லுக்குள்ள நுண்ணிய உலோகத் துகள் போயிருந்ததுதான் சிக்கல். 2019-ல ஆப்பிள் 15 அங்குல மேக்புக் ப்ரோவுல ஒரு தொகுதியைத் திரும்ப அழைச்சப்ப, அந்த மாடலை விமானத்துல கொண்டு வராதீங்கன்னு நம்ம டிஜிசிஏவே சொல்லிச்சு. 2022 ஏப்ரல்ல, ஆந்திரா கடப்பா மாவட்டத்துல, வீட்டுல இருந்து வேலை பார்த்த ஒரு இளம் மென்பொருள் ஊழியருக்குப் பலத்த தீக்காயம். சார்ஜ்ல இருந்த லேப்டாப் கட்டில் மேலயே வெடிச்சதா செய்திகள் வந்துச்சு, ஷார்ட் சர்க்யூட்னு சந்தேகப்பட்டாங்க. இதைப் பயமுறுத்தச் சொல்லல. மெத்தை, சார்ஜர், பக்கத்துல ஆள், மூணும் உங்க ரூம்லயும் இருக்கு. அதான்.

என்ன செய்யணும்? பேட்டரி உப்பியிருந்தா குத்தாதீங்க, அழுத்தி உள்ள தள்ளாதீங்க. ஆஃப் பண்ணி, துணி, பேப்பர் இல்லாத இடத்துல, தரையில வைங்க. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்து எடுக்கச் சொல்லுங்க. பழசைக் குப்பைத் தொட்டியில போடக் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளர்களோடது. எப்பவாவது புகை வந்தா முதல்ல மெயினை ஆஃப் பண்ணி, பசங்களை எழுப்பி, எல்லாரும் வெளிய போய் 101-க்கு அடிங்க. அந்தப் புகை நச்சு. லேப்டாப்பைக் காப்பாத்தப் போகாதீங்க.

புது பேட்டரி போட்டதும் சார்ஜை 80-ல நிறுத்துங்க. லெனோவோவுல கன்சர்வேஷன் மோட்னு இருக்கும், ஆசஸ்ல பேட்டரி ஹெல்த் சார்ஜிங்னு இருக்கும். மத்த கம்பெனிகள்லயும் வேற பேர்ல இருக்கும், தேடிப் பாருங்க. இது ஒண்ணு செஞ்சா, சார்ஜர் மாட்டியே இருக்கலாம். மெஷினைத் தரையிலயோ மரப் பலகையிலயோ வச்சு, பின்பக்கம் ரெண்டு பேனா மூடி வச்சுத் தூக்கி விட்டாக்கூட காத்து போகும். கூலிங் பேட் அப்புறம் வாங்கிக்கலாம்.

பழைய அரசு லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல தொடங்கினதே உங்க திருவள்ளூர் மாவட்டத்துலதான். ஆரம்ப வருஷத்து மாடல்கள்ல பேட்டரியை வெளிய இருந்தே கழட்டலாம். செத்த பேட்டரியைக் கழட்டிட்டு அடாப்டர்ல ஓட்டலாம். கரண்ட் போனா அந்த நொடியே நின்னுடும், அவ்வளவுதான்.

சார்ஜர் விஷயத்துல மிச்சம் பிடிக்காதீங்க. விலை குறைஞ்ச டூப்ளிகேட் வாங்கினா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அடாப்டர்ல பிஐஎஸ் பதிவு முத்திரை, ஐஎஸ் 13252 எண், ஆங்கில 'ஆர்' எழுத்தோட 8 இலக்க எண் இருக்கான்னு பாருங்க. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகி வச்சிருந்தா எர்த் போயிடும். உலோக பாடியைத் தொட்டா ஜிவ்வுன்னு இருக்கிறது பெரும்பாலும் அதனாலதான். ரூம்ல எர்த் இருக்கான்னு ஓனர்கிட்ட கேளுங்க, சங்கடப்படாதீங்க.

ஓனர்னு சொன்னதும் ஞாபகம் வருது, யூனிட் கணக்குக்கு அவர் திட்டுவாரான்னும் கேட்டிருந்தீங்க. ரெண்டர் ஓடும்போது 60 வாட்னு வச்சாலும் 10 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். மாசம் முழுக்க ராத்திரி ஓட்டினா 18 யூனிட். அதைத் தனியா கொடுத்துடலாம்.

கடைசியா பிளெண்டருக்கு ஒரு குறிப்பு. வீடியோவா ரெண்டர் பண்ணாம படத் தொடரா பண்ணுங்க. நடுவுல கரண்ட் போனாலும், மெஷின் சூடாகி நின்னாலும், முடிஞ்ச ஃப்ரேம் எல்லாம் அப்படியே இருக்கும். மீதியை, நீங்க ரூம்ல முழிச்சிருக்கிற ஒரு நாள் பார்த்து ஓட்டிக்கலாம். டச்பேடைத் திறந்து பாத்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க தம்பி.