உங்களுக்குத் தெரியுமா? கோயிலில் பாட்டு எதற்கு?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் 'பாடும் மீன்' ஒலியை 1954-இல் நீருக்குள் கருவி இறக்கிப் பதிவு செய்தவர் ஒரு பாதிரியார்! அமெரிக்க இயேசு சபைக் குரு லாங். மீன் எதற்குப் பாடுகிறது என்பது மீனுக்கே வெளிச்சம். கோயிலில் மனிதர் எதற்குப் பாடவேண்டும் என்று பாதிரிமார் 1,600 ஆண்டுகளாகச் சண்டை பிடித்து வருகிறார்கள்.

சண்டையைத் தொடங்கியவர்களில் ஒருவர் புனித அகுஸ்தீன். பாட்டின் பொருளைவிட அதன் இராகம் தன்னை உருக்கிவிட்டால் அது பாவம் என்று பயந்தார். ஆனாலும் பாட்டை நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

1814-இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவருடைய சபை பாட்டைத் தாராளமாகவே வரவேற்றது. சபையின் நிறுவனர் ஜோன் வெஸ்லியின் தம்பி சார்ள்ஸ் எழுதிய பாடல்கள் மட்டும் 6,000-க்கு மேல். ஜோன் தன் பங்குக்கு 1761-இல் பாடுவோருக்கு விதிகளே எழுதினார். எல்லாரும் பாடவேண்டும், தூங்கி வழியக்கூடாது, மற்றவர் குரலை அமுக்கும்படி கத்தவும் கூடாது, தாளத்தை இழுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடும் ஒவ்வொரு சொல்லிலும் நினைவு கடவுள்மேல் இருக்கவேண்டும். கீபோர்டும் ஒலிபெருக்கியும் சேர்ந்து சபையின் குரலை விழுங்கும் இடங்களில் இந்த விதிகளை இன்றைக்கும் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

அழுவதற்கும் பாட்டு உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1705-இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது 'வியாகுலப் பிரசங்கம்'. தவக்காலத்தில் அதை இராகம் போட்டு வாசிப்பது ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கம்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் மணி ஓய்ந்துவிடும். உயிர்ப்புத் திருவிழிப்பில் அதே கீதம் எழும்போதுதான் மீண்டும் அடிப்பார்கள். இசையை நிறுத்துவதும் வழிபாட்டில் சேர்த்தி!

1903-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் பியானோவையும் பறை போன்ற அதிரும் வாத்தியங்களையும் கோயிலுக்குள் தடுத்தார். அறுபது ஆண்டு கழித்து, 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு இசையின் நோக்கத்தை இரண்டாகச் சொன்னது: இறைவனின் மகிமை, மக்களின் புனிதம். அந்தந்த நாட்டு இசைக்கும் உரிய இடம் கொடுக்கச் சொன்னது. பிறகென்ன, தமிழ்ப் பூசையில் மிருதங்கமும் தபேலாவும் கூச்சமின்றி உட்கார்ந்துகொண்டன.

இந்த விஷயத்தில் சீர்திருத்தச் சபையார் வெகுகாலம் முந்திக்கொண்டார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களில் கட்டிய கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன. கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். பாட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரியாத ஆச்சியும் இரண்டாம் சுற்றில் சேர்ந்து பாடிவிடுவார்.