மீன் துண்டும் முதுமைத் தசையும்

"வயசாச்சு, உடம்பு தளர்ந்துபோச்சு"ன்னு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தளர்ச்சிக்கு 1989-ல் இர்வின் ரோசன்பெர்க் ஒரு பெயர் வைத்தார்: சார்கோபீனியா. வயதோடு தசையின் அளவும் வலுவும் குறைவதுதான் அது. இதை ஆராய மீன் எதற்கு?

எனக்கு விளங்கியது மீன் துண்டைப் பார்த்துத்தான். கள்ளக்குறிச்சியில் கட்லா வாங்கினால் ஒரு துண்டை உற்றுப் பாருங்கள். பெரும்பகுதி வெள்ளைச் சதை. பக்கவாட்டில் தோலை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. சிவப்புத் தசை களைக்காமல் நீந்த. வெள்ளைத் தசை சட்டென்று பாய. நம்ம உடம்பிலும் இந்த இரண்டு வகை இழைகளும் உண்டு, ஆனால் ஒரே தசைக்குள் கலந்து கிடக்கும். மீனில் தனித்தனியே இருப்பதால் ஒவ்வொன்றும் எப்படி மூப்படைகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்னா, வயதானால் நம்மிடம் அதிகம் மெலிவது பாய்ச்சலுக்கான வேக இழைகள். கல்வராயன் மலைச் சரிவில் கால் இடறினால் நொடியில் நம்மைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். அவை மெலிந்தால் விழுவோம், இடுப்பெலும்பு முறியலாம். நல்லா நடக்கிறாரே என்பது மட்டும் போதாது.

அடுத்த வசதி, காலம். ஆய்வக எலி கிழடாக ஏறக்குறைய 2 ஆண்டு ஆகும். ஆப்பிரிக்க மழைக்குட்டைகளில் வாழும் கில்லி மீனின் ஆயுளே 4 முதல் 6 மாதம். அதற்குள் அதன் தசையும் மெலிகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வியப்பு: ஆயுளின் கடைசிக் கட்டத்தில் அந்தத் தசையின் வளர்சிதை மாற்றம் இளமைக்கால நிலைக்குத் திரும்பியிருந்தது. அப்படியானால் மெலிவைத் தடுக்க வழி இருக்கலாம்.

ஆனா ஒண்ணு. மீனைத் தண்ணீர் தாங்குகிறது. நாம் உடல் எடையைச் சுமந்து நிற்கிறோம். மீனில் பலித்த மருந்து நமக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் இன்றைக்கே உதவும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்கிறது 2019-ன் ஆசிய வழிகாட்டுதல். வீட்டுப் பெரியவர்களைச் செய்யச் சொல்லும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.