அக்காவுக்கென்று வைத்த பாட்டு

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் தாண்டினால் லோயர் கேம்ப். குமுளி மலையேறும் பஸ்களுக்கு அதுதான் அடிவாரம். பாடகி பவதாரிணியின் உடல் 2024 ஜனவரியில் இந்தப் பக்கம்தான் அடக்கம் செய்யப்பட்டது. ஜூன் 22 அன்று அவர் குரலில் புதுப் பாட்டு வந்தது: 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்'.

செயற்கை நுண்ணறிவின் வேலை அது. பாடியவரின் பழைய பதிவுகளிலிருந்து இசையை நீக்கி, குரலை மட்டும் மென்பொருளுக்குக் கொடுப்பார்கள். அந்தத் தொண்டையின் கனம், கரகரப்பு, மூச்சு எல்லாவற்றையும் அது எண்களாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வேறொருவர் புதுப் பாட்டை முழுசாகப் பாடித் தர வேண்டும். அதன்மேல் அந்தக் குரலைப் போர்த்துவார்கள். எங்கே இழுப்பது, எங்கே குழைவது என்பதெல்லாம் பெரும்பாலும் பாடிக் கொடுத்தவர் செய்த முடிவுதான். சட்டை ஒருவருடையது, உள்ளே நிற்கும் ஆள் வேறு.

அதே ஆண்டு 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் இப்படி வரவழைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். நல்ல வழக்கம்.

குரல் போகட்டும், மெட்டு? 'இளையராஜா மாதிரி' என்று கேட்டால் மெட்டுப் போட்டுத் தரும் செயலிகள் இன்று உண்டு. அவை படித்தது பதிவான பாட்டுகளை. பவதாரிணியின் அப்பா, பண்ணைப்புரத்து இளையராஜா 1976-இல் வந்த 'அன்னக்கிளி'க்கு உட்கார்ந்தபோது அவர் காதில் இருந்ததோ, பெரும்பாலும் யாரும் பதிவு செய்யாத பாட்டு. பெரியாற்றுத் தண்ணீர் வந்ததும் நடவுக்குச் சேற்றில் இறங்கும் பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வரப்பில் நிற்கும் முதலாளி கூலியில் கை வைப்பவர் என்றால் அன்றைய அடியில் அவரும் வந்துவிடுவார். மறுநாள் அந்த அடி இருக்காது. ராஜாவும் கடன் வாங்கியவர்தான், ஆனால் எங்கே போய் வாங்குவது என்று தேர்ந்தவர் அவர்.

'சின்னச் சின்னக் கண்கள்' பற்றி அதன் இசையமைப்பாளர், பவதாரிணியின் தம்பி யுவன் சொன்னது இது. பெங்களூருவில் மெட்டமைக்கும்போதே, இது அக்கா பாட வேண்டிய பாட்டு என்று அவருக்கும் படத்தின் இயக்குநர் வெங்கட் பிரபுவுக்கும் தோன்றியிருக்கிறது. உடம்பு தேறியதும் பாடவைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்தது.

'பாரதி' படத்தின் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர் பவதாரிணி. தேறி வந்து மைக் முன் நின்றிருந்தால், தம்பியின் மெட்டில் எந்த இடத்தை மாற்றச் சொல்லியிருப்பார்? எந்தப் பதிவிலும் அது இல்லை.