பட்டியலில் இல்லாதவர்களின் கரி

ஜார்கண்டின் தன்பாத், ராம்கர் பக்கத்துச் சாலைகளில் விடியும் முன்பே அந்த சைக்கிள்கள் கிளம்பிவிடும். ஏறி மிதிக்க இடமிருக்காது; இருநூறு கிலோ கரி மூட்டையைக் கட்டி, பக்கத்தில் நடந்தபடியே தள்ளிக்கொண்டு போவார்கள். சுரங்க ஓரத்தில் பொறுக்கிய கரி. சட்டப்படி பார்த்தால் திருட்டு. 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2021இல் இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. அதற்காகச் சுரங்கம் மூடும் நாளில் இவர்களுக்கு யார், எதைக் காட்டி நிவாரணம் கொடுப்பது? 2038க்குள் நிலக்கரியைக் கைவிடச் சட்டம் போட்ட ஜெர்மனி, கரிப் பிராந்தியங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. வயதான தொழிலாளிக்கு ஓய்வூதியம் தொடங்கும்வரை உதவித்தொகையும் உண்டு. அங்கே சம்பளப் பட்டியலைப் புரட்டினால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஜார்கண்டில் ஒப்பந்தக் கூலி, லோடு ஏற்றுபவர், டீக்கடைக்காரர் என்று பாதி ஊர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் வேலைச் சான்று கேட்காத, சுரங்க மாவட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் போய்ச்சேரும் அடிப்படை வருமானமே இங்கே பொருந்தும் என்கிறேன்.

சும்மா காசு கொடுத்தால் சோம்பேறியாவார்கள் என்பது பழைய பல்லவி. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 2011 முதல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு நடத்திய சோதனையில் நிபந்தனையில்லாமல் பணம் வந்தது. உழைப்பு குறையவில்லை, கூலிக்குப் போன பலர் சொந்த நிலத்தில் இறங்கினார்கள். பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விதான் கனமானது. 2015 கனிமச் சட்டத்திருத்தத்தின்படி சுரங்க உரிமத்தொகையோடு சேர்ந்து ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகிறது. கரி நின்றால் அந்த ஊற்றும் வற்றும். ஆகவே தோண்டும் காலத்திலேயே, விதிகளைத் திருத்தி, ஒரு பகுதியை முதலாக ஒதுக்க வேண்டும். அலாஸ்கா 1976இல் எண்ணெய் வருவாயை அப்படித்தான் பூட்டிவைத்தது. 1982 முதல் ஆண்டுதோறும் மக்களுக்குப் பங்கு கொடுக்கிறது. ஆனால் கரி நிறுவனம் நடத்தும் ஆஸ்பத்திரியையும் குழாய்த் தண்ணீரையும் இந்தப் பணம் ஈடுகட்டாது; அவற்றை ஏற்பது அரசின் தனிக் கணக்கு.

இன்னொரு சிக்கல், யார் குடியிருப்பவர் என்பது. மண்ணுக்கடியில் கரி நூறாண்டாய் எரியும், தன்பாத் பக்கத்து ஜரியாவுக்கான 2009 மறுகுடியமர்வுத் திட்டமே மக்களைப் பட்டா உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துவைத்தது. அதே கோட்டை இங்கேயும் இழுத்தால் சைக்கிள் தள்ளுபவர் மறுபடி வெளியேதான் நிற்பார். பட்டா கேட்காத கணக்கெடுப்பை, சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.