வெளிநாட்டு வேலைக்கு எத்தனை காகிதம்?

நம்ம ரெட்டிபாளையத்துல சிமெண்ட் ஆலை இருந்தாலும், சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து குவைத், சவூதி, துபாய்னு வேலைக்குப் போறவங்க உண்டு. எங்க மாமாவும் போகப் போறார். அதுக்கு என்னென்ன காகிதம் வேணும், ஏன் வேணும் என்று தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. பாஸ்போர்ட்: நம்ம மாவட்டத்துக்கு திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம். போலீஸ் விசாரணையும் உண்டு. பொதுவா பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். என்று இருக்கும். 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று அதற்குப் பொருள்.

2. குடிபெயர்வு அனுமதி: இது 1983-ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. ஈ.சி.ஆர். உள்ளவங்க சவூதி, குவைத், ஓமன், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இது வேணும். சிங்கப்பூர் இதுல இல்லை. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரி கொடுப்பார். அவருக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கு. 2014-ல் இருந்து இ-மைக்ரேட் என்ற இணையதளம் வழியா நடக்குது. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் அனுமதி தருவாங்க.

3. காப்பீடு: அனுமதியோட பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் எடுக்கணும். 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்துல இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய்.

4. ஏஜென்ட்: அரசாங்கத்துல பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட்டிலேயே பார்க்கலாம். அவர் வாங்கலாம் என்று சட்டம் சொல்ற கட்டணம் 30,000 ரூபாய், அதோட ஜி.எஸ்.டி. ரசீது கேட்டு வாங்கணும்.

5. போன பிறகு: சவூதியில 'இக்காமா', குவைத்துல 'சிவில் ஐடி' என்ற அட்டை வாங்கணும். அதுக்கு முதலாளிதான் ஏற்பாடு செய்யணும். அட்டை இல்லாம மாட்டினா அபராதம், சிறை, ஊருக்குத் திருப்பி அனுப்புறது எல்லாம் வரும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வச்சுக்கிறது அந்த நாட்டுச் சட்டப்படியே தப்பு.

மாமாகிட்ட ஒருத்தர், "இவ்வளவு அலைச்சல் எதுக்கு? விசிட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்" என்றாராம். கேட்க சுலபமா இருக்கு. ஆனா விசிட் விசா சுற்றிப் பார்க்கத்தான். அதுல வேலை செய்தா குற்றம். ஒப்பந்தம் பதிவாகாது, காப்பீடு கிடைக்காது. சம்பளம் தரலைன்னா காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அம்மா மாமாகிட்ட, "ரெண்டு மாசம் லேட்டானாலும் பரவாயில்ல, முறையாப் போ" என்று சொல்லிட்டாங்க.

இந்தக் காகிதங்கள் தொல்லை இல்லை, தூர தேசத்துல நமக்கு இருக்கிற சாட்சி. எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ் வீட்டுல இருக்கட்டும். ஆபத்து வந்தா இந்தியத் தூதரகத்துக்கும், நம்ம அரசோட அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் மனு போட அது உதவும்.

தோழர்களே, உங்க வீட்டுல யாராவது கிளம்பினா ஒப்பந்தத்தை வாங்கி ஒரு தடவை சத்தமா படிச்சுக் காட்டுங்க. அடுத்த வருஷம் நாம எழுதப்போற பத்தாவது பரீட்சை, பாஸ்போர்ட் வரைக்கும் வரும் என்பதையும் மறக்காதீங்க!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி